தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்குமே?

கேள்வி: என் கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் அவர் தொழில். பிளஸ் டூ முடித்த என் தம்பியும் இப்போது அவருடன் கையாளாகப் போகிறான். சாயங்காலம் இருவரும் வந்து வாசலில் நிற்கும்போது புருவம், காது மடல், சட்டை எல்லாம் வெள்ளை. சட்டையை உதறினால் எனக்கும் குழந்தைக்கும் தும்மல் நிற்பதில்லை. கணவருக்குச் சில மாதங்களாக வறட்டு இருமல் வேறு. கேட்டால், "மண்ணுல சுட்ட டைல்ஸ்தானே, இதுல என்ன விஷம் இருக்கு? வேலை முடிஞ்சதும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டா தூசி வயித்துக்குப் போயிடும்" என்கிறார். மூக்கில் கைக்குட்டை கட்டுவதோடு சரி. தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி வராதாமே என்று சொன்னேன். போன மாதம் தம்பிக்கு ஷாக் அடித்ததைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டார். மெஷினின் மூடியையும் கழற்றிவிட்டுத்தான் அறுக்கிறார்களாம். எந்த மாஸ்க் வாங்கித் தரட்டும்? தம்பியை இந்த வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா?

– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கட்டுமானப் பணியிடப் பாதுகாப்புப் பொறியாளர்

சகோதரி, மாஸ்க் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கணவர் சொல்வதில் ஒன்று தவறு, ஒன்று சரி. மண்ணில் சுட்டது என்பதால் கெடுதல் இல்லை என்பது தவறு. தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்கும் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் "தண்ணீர் ஊற்றி அறுங்கள்" என்று மட்டும் உபதேசம் செய்கிறவர்கள் சைட்டில் ஒரு நாள்கூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் தூசி. டைல்ஸில் களிமண் மட்டும் இல்லை. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து அரைத்து, அழுத்தி, சூளையில் சுடுகிறார்கள். விட்ரிஃபைடு என்றால் சூடு 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. அந்தச் சூட்டிலும் எல்லாம் உருகிப் போய்விடாது. ஒரு பங்கு படிகமாகவே தங்கிவிடும். டைல்ஸ் முழுசாக இருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அதன்மேல் பாய் விரிக்காமலே படுத்துத் தூங்கலாம். பிளேடு பட்டதும்தான் கதை மாறுகிறது.

நீங்கள் வாசலில் பார்க்கிற அந்த வெள்ளையைக் கண்டு நான் அவ்வளவு பயப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்காருவது 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூள். அது கண்ணுக்குத் தெரியாது; சீக்கிரம் தரையில் படியவும் செய்யாது. மெஷினை நிறுத்தி, 'அறை தெளிஞ்சிடுச்சு' என்று கைக்குட்டையை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து டீ குடிக்கிறார்களே, அப்போதும் அது காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கும்.

வெல்லம், வாழைப்பழம் பற்றிய நம்பிக்கை சிமென்ட் மில், பஞ்சாலை, கல் குவாரி என்று எல்லாத் தொழிலிலும் உண்டு. சாப்பிடட்டும், பசிக்கு நல்லதுதான். ஆனால் சாப்பாடு போகும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு. நுரையீரலின் அடியில் போய்ச் சேர்ந்த சிலிக்காவை வயிற்றுக்கு இறக்கிவிட எந்தத் தின்பண்டத்தாலும் முடியாது. அங்கே அது நுரையீரலின் மென்மையான திசுவைத் தழும்பாக்கிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். வழக்கமாக 10 வருடம், அதற்கும் மேல் ஆன பிறகுதான் மூச்சு வாங்குவதாக வெளியே தெரியும். தெரிந்த பிறகு தழும்பை மாற்ற மருந்து கிடையாது. வேலையை விட்டாலும் நோய் வளரலாம். சிலிக்கா சேர்ந்த நுரையீரலைக் காசநோய் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லேயே மூச்சில் போகும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

எவ்வளவு தூசி என்றால் அதிகம்? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் வைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். ஒரு ஷிப்டில் உழைக்கிற ஆள் சுமார் 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க உள்ளே போகலாம் என்று அனுமதிப்பது அரை மில்லிகிராம். தூள் உப்பில் எண்ணிப் பத்துப் பருக்கை எடுத்தால் அதைவிடக் கூடுதலாக இருக்கும். இதை உங்கள் தம்பியிடம் ஒரு தட்டில் வைத்தே காட்டலாம். மூடிய பாத்ரூமுக்குள் காய்ந்த டைல்ஸில் கிரைண்டர் ஓடினால் அந்த வரம்பு எங்கே நிற்கும் என்று அவனே யோசித்துக்கொள்வான்.

சமையல் மேடைக்கு 'குவார்ட்ஸ் ஸ்லாப்' என்று ஒன்று வருகிறதே, டைல்ஸ் வேலைக்குப் போனவர்களிடமே அதையும் அறுத்துத் தரச் சொல்வார்கள். அதில் சிலிக்கா 90 சதவீதம், அதற்கும் மேல்கூட இருக்கும். இளம் தொழிலாளிகள் சில வருடங்களிலேயே நுரையீரல் கெட்டு விழுந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்த வகைச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. அந்த வேலை வந்தால் உங்கள் கணவர் ஒதுங்கிக்கொள்வது நல்லது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை, 'அந்த மெஷினைக் கொண்டா, ஒரு ஓரம் அறுத்துக் கொடு' என்று வீட்டுக்காரர் கேட்டாலும் அதே பதில்தான்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். என் யோசனை தண்ணீரில் தொடங்கவில்லை, மெஷினை எடுக்காமல் இருப்பதில் தொடங்குகிறது. கையால் தள்ளி அறுக்கும் டைல் கட்டர் கடைகளில் 2 அடியிலிருந்து 4 அடிவரை கிடைக்கிறது. சின்னச் சக்கரத்தால் மேல்பூச்சில் ஒரே இழுப்பில் ஒரு கோடு, பிறகு கைப்பிடியை அழுத்தினால் டக்கென்று இரண்டாகும். கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, தூசி ஒரு சிட்டிகைகூட எழாது. ஒரு வீட்டில் சுவரோரமாக வரும் நேர் அறுப்புகளில் பெரும்பாலானவற்றை இதிலேயே முடித்துவிடலாம். "விட்ரிஃபைடு இதுல உடையாது, கோணலா போயிடும்" என்பார்கள். சக்கரம் மழுங்கியிருந்தால் போகும்தான். புதுச் சக்கரம் மாற்றி, ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை கோடு போட்டால் ஒழுங்காக உடையும். இரண்டாவது தடவை அதே கோட்டில் ஓட்டுவதால்தான் பாதி டைல்ஸ் வீணாகிறது. தம்பி இதில் கை பழகட்டும். கிரைண்டர் பிடிக்கிறவன்தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் நம் சைட்டுகளில் இருக்கிறது. அது எனக்கு ஒப்புதல் இல்லை.

கட்டர் செய்ய முடியாத வேலைகளும் உண்டு. பைப்புக்கு ஓட்டை, கதவு நிலைக்கு 'எல்' வெட்டு, ஒல்லியான ஸ்கர்ட்டிங் பட்டை, அப்புறம் மூலை சேர்ப்பதற்காக ஓரத்தை 45 டிகிரியில் சாய்த்துத் தேய்ப்பது. இந்தக் கடைசி வேலைதான் மோசம். டைல்ஸை அறுக்கும்போது பிளேடின் இரண்டு பக்கமும் டைல்ஸ் இருக்கும். ஓரம் தேய்க்கும்போது ஒரு பக்கம் திறந்தே கிடப்பதால் தூசி முழுதும் பீறிட்டு வெளியே வரும். பிடித்திருப்பவரோ நேர்கோடு பார்ப்பதற்காக முகத்தை அரை அடிக்குள் கொண்டுபோவார். மேஸ்திரிகள் இதை மொட்டை மாடியிலோ வாசலிலோ காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்ய வேண்டும். வீட்டுக்காரர்கள் குடியிருக்கும் வீடு என்றால் அறுக்கும் இடம் வெளியே என்பதை ரேட் பேசும்போதே பேசிவிடுவது நல்லது. பிறகு கேட்டால் 'ஏன், உள்ளேயே அறுங்க, மாடிக்கு யார் தூக்கிட்டுப் போறது' என்ற பேச்சு வரும்.

இப்போது தண்ணீர். அறுப்பதற்கு முன்னால் டைல்ஸை நனைத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீரை உறிஞ்சாது; தொட்டியில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டாலும் உள்ளே காய்ந்துதான் இருக்கும். பிளேடு டைல்ஸைத் தொடும் அந்த ஒரு புள்ளியில், அறுக்கிற நேரம் முழுக்கத் தண்ணீர் விழ வேண்டும். மெல்லிய ஒழுக்கே போதும். புகைபோல எதுவும் எழாமல் வெள்ளைச் சேறாக வழிந்தால் சரியாக ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம்.

நம் ஊரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், கையாள் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கிரைண்டருக்கு மேலே நின்று பீச்சுகிறான். உங்கள் தம்பிக்கு ஷாக் அடித்தது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். சாதாரண 4 இஞ்ச் கிரைண்டரின் உடம்பில் காற்றுக்காக வாய்கள் திறந்திருக்கும். மோட்டார் அதன் வழியாகக் காற்றை இழுக்கும். பக்கத்தில் தெறிக்கும் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். தண்ணீர் ஊற்றி அறுக்க அது செய்யப்பட்டதே அல்ல. மார்பிள் கட்டர் என்று விற்கும் மெஷின்களில் தண்ணீர்க் குழாய் மாட்டும் இணைப்போடு வருபவை உண்டு. குழாயின் முனை பிளேடைப் பார்த்து இருக்கும். நிறைய அறுக்க வேண்டிய வேலை என்றால் அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த மேஜை மெஷின்தான் உத்தமம். மோட்டார் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.

மெஷின் சரியாக இருந்தாலும் கரண்ட் எடுக்கும் விதம் சரியில்லை என்றால் பயனில்லை. புதிதாகக் கட்டும் வீட்டில் பாருங்கள். பிளக்கைக் காணோம்; வயரின் இரண்டு நுனியைச் சீவி பிளக் பாயின்டில் சொருகி, நழுவாமலிருக்கத் தீக்குச்சி செருகியிருப்பார்கள். மூன்றாவது வயரான எர்த்தை மடித்து டேப் சுற்றி விட்டிருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில், அறுத்த தண்ணீர் ஓடி வரும் வழியிலேயே கிடக்கும். மெஷினின் பெயர்ப் பட்டையில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது. அதற்கு இரண்டு முனை பிளக் போதும். அந்தக் குறி இல்லையென்றால் எர்த் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

மிக முக்கியமாக ஒன்று வாங்க வேண்டும்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போர்டில் எம்சிபி இருக்கிறதே என்பார்கள். எம்சிபி வயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும். ஆள் உடம்பு வழியாகத் தரைக்குக் கசியும் சின்ன மின்சாரம் அதன் கணக்கிலேயே வராது. ஆர்சிசிபி போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். எல்லா வீட்டிலும் இது இருக்காது. அதனால் ஒரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஆர்சிசிபியும் நல்ல சாக்கெட்டும் வைத்த ஒரு பெட்டி செய்து, மெஷினோடு சைட்டுக்குச் சைட் எடுத்துப் போகட்டும். தினமும் வேலைக்கு முன் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கு ஈர வேலை கிடையாது. பெட்டியை ஆணியில் உயரமாக மாட்டி, வயர் அதற்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட்டால் வயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆர்சிசிபிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் பட்டால் கசிவு என்று எதுவும் இல்லாததால் ஆர்சிசிபி விழாது. அதனால் தீக்குச்சி வித்தையை இன்றோடு விட வேண்டும்.

மெஷின் மூடி பற்றி எழுதியிருந்தீர்கள். 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்; பிளேடின் விளிம்பு மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மூடியைக் கழற்றுவதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள்: கோடு தெரியவில்லை, 5 இஞ்ச் பிளேடு மாட்ட வேண்டும். இரண்டாவது காரணம் பெரிய ஆபத்து. மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. அறுக்கும் கோடு நேராக இல்லாமல் கொஞ்சம் திரும்பினாலும் டைல்ஸ் பிளேடைக் கவ்வும், மெஷின் பிடித்திருப்பவர் பக்கம் எகிறும். அப்போது குறுக்கே இருப்பது அந்த மூடி ஒன்றுதான். பிளேடின் நேர்கோட்டில் உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். டைல்ஸை வெறுங்காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, பெருவிரலுக்கு நான்கு விரற்கடை தள்ளி அறுப்பதை எத்தனையோ சைட்டுகளில் பார்க்கலாம். ஒரு பலகையும் இரண்டு கிளாம்பும் இருந்தால் அதற்கு அவசியமில்லை. கழுத்துத் துண்டு, லுங்கி, தொளதொள சட்டை எதுவும் சுற்றும் பிளேடின் பக்கத்தில் கூடாது. மேல்பூச்சின் சில்லு கண்ணாடிச் சில்லுக்குச் சமம், அதனால் பக்கமும் மூடிய கண்ணாடி போட வேண்டும். காதுக்கு ஒரு ஜோடி அடைப்பான். கிரைண்டர் சத்தம் 100 டெசிபலைத் தொட்டால் காப்பில்லாத காது ஒரு நாளில் தாங்கக்கூடியது கால் மணி நேரம்தான்.

இதற்கெல்லாம் பிறகுதான் மாஸ்க். கைக்குட்டை, துணி மாஸ்க், ஆஸ்பத்திரி நீல மாஸ்க் மூன்றும் நாம் பேசும் தூளை நிறுத்தாது. என்95, அல்லது ஐஎஸ் 9473 முத்திரையோடு எஃப்எஃப்பி2 என்று போட்டது வாங்குங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை வருவது முகத்தோடு ஒட்டி நிற்கும். மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்தி, மூச்சை வெளியே விடும்போது ஓரத்தில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தாடி இருந்தால் கசியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கசியும். வாரம் முழுக்க அறுப்பு வேலை இருப்பவருக்கு, ஃபில்டர் மாற்றிக்கொள்ளும் ரப்பர் மாஸ்க் போகப் போகக் கட்டுபடியாகும். தண்ணீர் ஊற்றி அறுத்தாலும் அறைக்குள் என்றால் மாஸ்க் வேண்டும். கையில் பிடித்து அறுக்கும் மெஷினுக்கு அந்த அமெரிக்க விதியும் அப்படித்தான் சொல்கிறது.

வேலை முடிந்ததும் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூளெல்லாம் மறுபடி காற்றில் எழும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சேறு காய்வதற்குள் அள்ளிக் கழுவ வேண்டும். நீங்கள் வாசலில் சட்டையை உதறாதீர்கள். சைட்டிலேயே மாற்றிக்கொண்டு, வேலை உடுப்பை ஒரு பையில் கட்டி எடுத்துவரச் சொல்லுங்கள். அப்படியே வாளித் தண்ணீரில் முக்கி, குழந்தை துணியோடு சேர்க்காமல் துவையுங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். ஈரச் சிமென்ட் கடுமையான காரம், அதன் பிஎச் 12-க்கு மேல். கலவையில் முட்டி போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது; சாயங்காலம் பேன்ட்டைக் கழற்றும்போது முட்டி வெந்திருக்கும். ரப்பர் முட்டிப் பட்டையும் நைட்ரைல் கையுறையும் போடட்டும். தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லதுதான், ஆனால் நன்றாகக் கழுவிய பிறகு. சிமென்ட் கண்ணில் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. இன்னொன்று, கடைசி நாள் பாத்ரூம் கழுவ எடுக்கும் ஆசிட். அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே உலை. ஆசிட்டே தேவையில்லை என்பது என் கட்சி. டைல்ஸ் இடுக்கில் பூசிய கிரவுட் காய்வதற்குள் ஈரப் பஞ்சால் துடைத்திருந்தால் கறையே நிற்காது.

கணவரின் இருமலைத் தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போய், 'டைல்ஸ் அறுக்கிற வேலை, இத்தனை வருஷமா' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸும் காசநோயும் சில சமயம் ஒன்றுபோலத் தெரியும். தொழிலைச் சொல்லாவிட்டால் மருத்துவர் அந்தப் பக்கம் யோசிக்கக் காரணம் இருக்காது. எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி மூன்றும் கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் அதை நிறுத்துவது மருந்தைவிட முக்கியம். எல்லா இருமலும் சிலிக்கோசிஸ் அல்ல, அதனால் பரிசோதனைக்கு முன்பே கலங்க வேண்டாம்.

தம்பியை நிறுத்த வேண்டாம். கை சுத்தமான டைல்ஸ்காரருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. ஆனால் நுரையீரல் நன்றாக இருக்கும் இப்போதே அவனுக்கும் ஒரு எக்ஸ்ரே, ஒரு ஸ்பைரோமெட்ரி எடுத்து ஃபைலில் வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். 18 வயது நிரம்பியிருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இருவரையும் பதிவு செய்துவிடுங்கள். அட்டையில் தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் டைல்ஸ் வேலை என்றே எழுதச் சொல்லுங்கள். புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.